மின்னலைத் தாங்கும் தடையியும் அதன் கணினி மாதிரியுருவும்

பௌதிகம் பயிலப் புகும் மாணவன் மின்னியலில் முதன்முதற் கற்பது ஓமின் விதியாகும். வெப்பநிலை மாறாதிருக்க, ஒரு கடத்தியின் முனைகளுக்கிடையேயுள்ள வோல்ற்றளவை இருமடங்காக்கின் அதனூடு செல்லும் மின்னோட்டமும் இருமடங்காகும் என்பது அவ்விதி. நம் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் அம்பியர்மானியையும் வோல்ற்றுமானியையும் மாறி மாறி நோக்கி, குறித்த புள்ளிகள் யாவும் ஒரே நேர்கோட்டில் அமைவதைக் கண்டு மகிழ்ந்த நாளைப் பழைய மாணவர் எவரும் மறந்திரார்.

ஆயினும் அந்நேர்கோட்டுக்கு அடங்காத தடையிகளும் உள. அவற்றுள் ஒன்று, வோல்ற்றளவு இயல்பாயிருக்கும்போது மின்னைத் தடுத்து நிறுத்தி, அது ஓர் எல்லையைக் கடந்ததும் வழியைத் திறந்துவிடுவதாகும். இதனை வோல்ற்றளவு சார்ந்த தடையி என்பர். தொழில் வழக்கில் வரிஸ்ரர் என்பது பெயர். 14 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிறு வட்டினை எடுத்துக்கொள்வோம். வீட்டு மின்வழங்கலுக்கென 275 வோல்ற்று எனக் குறிக்கப்பட்ட இவ்வகை வட்டொன்றின் விவரத்தாளில், 1 மில்லியம்பியர் பாயும்போது 430 வோல்ற்று என்றும், 50 அம்பியர் பாயும்போது 710 வோல்ற்றுக்கு மேற்படாது என்றும் காணப்படும். முதலாம் நிலையில் அதன் தடை 4,30,000 ஓம். இரண்டாம் நிலையில் ஏறத்தாழ 14 ஓம். வோல்ற்றளவு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாக உயர்ந்தபோது தடை முப்பதினாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இத்தகைய பொருளைக் கணினியில் எவ்வாறு எழுதிக் காட்டுவது, அவ்வாறு எழுதியதை எவ்வளவு தூரம் நம்புவது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

ஊவா மலைநாட்டின் தேவை

பண்டாரவளையிலிருந்து எல்ல, தெமோதரை வழியாகப் பதுளைக்குச் செல்லும் புகையிரதத்தில் பயணஞ் செய்தோர், மலைமுகடுகளிலும் சரிவுகளிலும் தனித்து நிற்கும் தேயிலைத் தொழிற்சாலைகளைக் கண்டிருப்பர். தோட்டமக்கள் அவற்றை ‘ஸ்டோர்’ என்று வழங்குவர். காற்று தடையின்றி வீசும் உயரமான இடங்களிலேயே அவற்றுட் பல அமைந்துள்ளன. ஆனால், காற்றுக்கு உகந்த அவ்விடம் மின்னலுக்கும் எதிர்ப்பட்ட இடமாகும். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலங்களாகிய மார்ச், ஏப்ரில் மாதங்களிலும், பின்னர் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் வேளையில் இடிமுகில் திரண்டு எழுவது இம்மலைநாட்டார் நன்கறிந்த காட்சி. மரங்களுக்கும் பாறைகளுக்கும் இடையே தொலைதூரம் வரும் மின்கம்பிகள், மின்னல் நேரே தாக்காவிடினும், அயலில் விழும் மின்னலாலேயே மிகைவோல்ற்றளவைப் பெற்றுத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்து சேர்க்கின்றன.

முற்காலத்துத் தொழிற்சாலையில் மோட்டரும் பட்டியும் உருளையுமே இருந்தன. அவை ஒரு கணநேர மிகைவோல்ற்றளவை ஓரளவு தாங்கின. இந்நாளிலோ, கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறிகளை வேண்டிய வேகத்தில் ஓட்டும் கட்டுப்படுத்திகளும், தேயிலையை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரங்களும் நுண்மின் பலகைகளால் இயங்குகின்றன. இப்பலகைகள் மிக மெல்லிய இயல்பின.

எல்லவை அடுத்த தோட்டமொன்றில் யான் கண்டறிந்த நிகழ்ச்சியொன்றை ஈண்டுக் கூறுதல் பொருத்தமாகும். அத்தோட்டத்தின் பெயர் வேண்டுவதில்லை. விசிறிக் கட்டுப்படுத்திக்கு முன்னால் மேலே கூறிய வகைத் தடையியொன்றைப் பொருத்துவதற்கு யானே கணித்துக் கொடுத்தேன். கணினியில் சுற்றினை எழுதி, நியம மிகைவோல்ற்றலையைச் செலுத்திப் பார்த்து, கட்டுப்படுத்தியின் வாயிலில் 823 வோல்ற்றுக்கு மேல் எழாது என்று குறித்தேன். அப்பலகை 1500 வோல்ற்றைத் தாங்கவல்லது. ஆதலின் ஐயமில்லை என்றிருந்தேன். ஒக்ரோபர் மாதத்து மாலையொன்றில் இடிமழை பெய்தது, பலகை கருகியது. அன்று பறித்த கொழுந்து தொட்டிகளில் நிறைந்திருந்தது. விசிறி நின்றபின் கொழுந்து தன் வெப்பத்தாலேயே புழுங்கத் தொடங்கும். காலை வரை காத்திருக்காது. அன்றிரவு டீமேக்கரும் தொழிலாளரும் கைகளாற் கொழுந்தைப் புரட்டிப் புரட்டி இயன்றதைக் காப்பாற்றினர். பெண்கள் பகல் முழுதும் சரிவில் நின்று பறித்த கொழுந்தின் ஒரு பகுதி வீணாயிற்று. தடையி பழுதுறவில்லை, தன் கடமையைச் செய்தேயிருந்தது. பிழை என் கணிப்பில் இருந்தது. அப்பிழை எங்கே இருந்தது என்பதைக் காணுமுன் தடையியின் இயல்பை அறிதல் வேண்டும்.

பொருளும் அமைப்பும்

1930களில் மின்வழங்கற் கம்பிகளைக் காப்பதற்குப் பயன்பட்டது சிலிக்கன் காபைட்டு என்னும் பொருள். அதன் மின்னோட்டம் வோல்ற்றளவின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்குக்கு நேர்விகிதமாகும். அஃதாவது வோல்ற்றளவு இருமடங்காயின் மின்னோட்டம் 32 மடங்காகும். இது ஓமின் விதியினும் விரைவான ஏற்றமே எனினும் போதுமானதன்று. மிகைவோல்ற்றளவில் வேண்டிய அளவு மின்னைக் கடத்தும் வட்டு, இயல்பான வோல்ற்றளவிலும் பெருமளவு கடத்தி வெப்பமுற்று அழியும். ஆகவே அதனோடு தொடராகத் தீப்பொறி இடைவெளியொன்றை வைத்து, இயல்பு நிலையில் அதனைத் துண்டித்து வைத்தனர்.

இந்நிலையை மாற்றியவர் யப்பானிய நாட்டு மட்சுஷிட்டா நிறுவனத்து ஆய்வாளராகிய மிச்சியோ மட்சுவோக்கா என்பவர். நாக ஒட்சைட்டுத் தூளோடு பிஸ்மத், கோபால்ற்று, மங்கனீசு முதலியவற்றின் ஒட்சைட்டுகளைச் சிறிதளவு கலந்து, அச்சில் அழுத்தி, சூளையிற் சுட்டு எடுத்த வட்டின் இயல்புகளை 1971 இல் வெளியான கட்டுரையில் அவர் விளக்கினார். இவ்வட்டு எண்ணிறந்த நுண்மணிகளால் ஆனது. மணியின் உட்பகுதி நன்கு கடத்தும். மணிக்கும் மணிக்கும் இடைப்பட்ட எல்லை கடத்தாது. ஒவ்வோர் எல்லையும் ஏறத்தாழ 3 வோல்ற்று வரை தாங்கி, அதற்குமேல் வழிவிடும். மணியொன்றின் பருமன் 20 மைக்கிரோமீற்றர் எனக் கொண்டால், 1 மில்லிமீற்றர் தடிப்பில் 50 எல்லைகள் அமையும். அவை கூடி 150 வோல்ற்றளவைத் தாங்கும். வட்டின் தடிப்பைக் கூட்டினால் தாங்கும் வோல்ற்றளவு கூடும். பரப்பைக் கூட்டினால் கடத்தும் மின்னோட்டம் கூடும். இரண்டுங் கூடினால் ஏற்கும் சக்தி கூடும்.

விதியை எழுதுதல்

இத்தடையியின் நடத்தையை எளிய விதியொன்றால் எழுதலாம். மின்னோட்டத்தை ‘மி’ என்றும், வோல்ற்றளவை ‘வோ’ என்றும், அடுக்கின் சுட்டியைச் ‘சு’ என்றும் குறிப்போமாக. 1 மில்லியம்பியர் பாயும்போதுள்ள வோல்ற்றளவை ‘மூல வோல்ற்றளவு’ எனக் கொள்வோம். அப்போது, வோவை மூல வோல்ற்றளவால் வகுத்து, ஈவைச் சு என்னும் அடுக்குக்கு உயர்த்தி, 0.001 ஆற் பெருக்க மி கிடைக்கும்.

இனி, சுவின் பெறுமானம் யாது? விவரத்தாளில் உள்ள இரு புள்ளிகளை எடுத்து மடக்கை கொண்டு கணிக்கலாம். மின்னோட்டங்களின் விகிதம் 50,000. அதன் இயற்கை மடக்கை 10.82. வோல்ற்றளவுகளின் விகிதம் 710 இன் கீழ் 430. அதன் மடக்கை 0.501. முன்னதைப் பின்னதால் வகுத்தால் சு 21.6 ஆகும். மாணவர் பலர் இவ்வாறே செய்வர். யானும் முதலில் இவ்வாறே செய்தேன். ஆனால், இதில் நுண்ணிய வழுவொன்று உண்டு. 430 என்பது சராசரி வட்டுக்குரிய எண். தனித்தனி வட்டுகள் அதற்கு மேலும் கீழும் நூற்றுக்குப் பத்து வேறுபடலாம். 710 என்பதோ எந்த வட்டும் மீறாத மேல் எல்லை. ஒன்று நடுவணது, மற்றொன்று மேலது. இவ்விரண்டையும் ஒரே கோட்டில் இணைத்தல் பொருந்தாது. மேல் எல்லை வட்டின் மூல வோல்ற்றளவு 473. அதனை 710 உடன் இணைத்துக் கணித்தால் சு 26.6 ஆகின்றது. இனிவரும் கணிப்புகளில் இதனையே கொள்வோம்.

26.6 என்னும் சுட்டியின் பொருளை உணர்வதற்கு ஒரு கணக்கு: வோல்ற்றளவை இருமடங்காக்கின் மின்னோட்டம் ஏறத்தாழப் பத்துக் கோடி மடங்காகும். சிலிக்கன் காபைட்டின் 32 மடங்கோடு இதனை ஒப்பிடுக. தீப்பொறி இடைவெளி இனி வேண்டாததாயிற்று என்பதன் காரணம் விளங்கும்.

இவ்விதி நடுப்பகுதிக்கு மாத்திரமே பொருந்தும் என்பதை மறத்தலாகாது. வீட்டு மின்வழங்கலின் உச்சப் பெறுமானமாகிய 325 வோல்ற்றில் இவ்விதி தரும் மின்னோட்டம் 1 அம்பியரின் நூறு கோடியில் ஏறத்தாழ 45 பங்கு, அஃதாவது 45 நனோ அம்பியர். மெய்யான வட்டில் இதனினும் மிகுதியாகக் கசியும். மேலும் அவ்வட்டு இரு உலோகத் தகடுகளுக்கிடையே வைத்த கொள்ளளவியாகவும் தொழிற்படுகின்றது. 300 பிக்கோபரட்டு எனக் கொண்டால், 50 சுற்றுள்ள நம் வழங்கலில் அதனால் மாத்திரம் 22 மைக்கிரோ அம்பியர் பாயும். இது முன்னையதன் ஐந்நூறு மடங்கு. மறுமுனையில், ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும்போது எல்லைகள் யாவும் வழிவிட்டுவிட, மணிகளின் உட்தடையே மிஞ்சி நின்று வரைபை மேல்நோக்கி வளைக்கின்றது.

ஆகவே முழுமையான மாதிரியுருவில் ஐந்து உறுப்புகள் வேண்டும். விதியை நிறைவேற்றும் உறுப்பு ஒன்று, அதற்குச் சமாந்தரமாகக் கசிவைக் குறிக்கும் மிகப் பெரிய தடையி ஒன்று, கொள்ளளவி ஒன்று, இவை மூன்றுக்கும் தொடராக மணிகளின் உட்தடையைக் குறிக்கும் சிறு தடையி ஒன்று, இணைப்புக் கம்பிகளைக் குறிக்கும் தூண்டி ஒன்று. இவ்வைந்தாவது உறுப்பை வாசகர் மனத்திற் கொள்க.

கணினி விடை காணும் முறை

மின்சுற்றைக் கணினியிற் போலச் செய்து காட்டும் மென்பொருள்களுக்குத் தாயாக விளங்குவது ஸ்பைஸ் என்பது. அமெரிக்காவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் லோறன்ஸ் நேகல் என்பவர் ஆக்கி 1973 இல் வெளியிட்டது. இன்று இலவசமாகக் கிடைக்கும் பல மென்பொருள்களும் அதன் வழிவந்தவையே. ஒரு சாதாரணக் கணினி இருப்பின் எல்லவிலிருந்தும் பதுளையிலிருந்தும் எம்மாணவனும் இதனைப் பயிலலாம்.

ஸ்பைஸ் வளைகோட்டுச் சமன்பாட்டை நேரே தீர்ப்பதில்லை. ஒரு பெறுமானத்தை ஊகித்து, அவ்விடத்தில் வளைகோட்டுக்கு ஒரு தொடுகோடு வரைந்து, அத்தொடுகோட்டைக் கொண்டு அடுத்த ஊகத்தைப் பெறுகின்றது. ஊகங்கள் மாறாது நிலைக்கும் வரை இதனை மீளமீளச் செய்கின்றது. இது நியூற்றன், றப்சன் ஆகியோர் பெயரால் வழங்கும் முறை. நம் தடையிக்கு இம்முறையைப் பிரயோகிக்கையில் மூன்று இடர்கள் தோன்றும்.

முதலாவது: ஆடலோட்டத்தில் வோல்ற்றளவு நேராகவும் எதிராகவும் மாறும். எதிர் எண்ணைப் பின்ன அடுக்குக்கு உயர்த்தக் கணினியால் இயலாது. ஆகவே பருமனை மாத்திரம் அடுக்குக்கு உயர்த்தி, குறியைப் பின்னர் சேர்த்தல் வேண்டும். மூல வோல்ற்றளவால் முதலில் வகுத்துக்கொள்வதும் இன்றியமையாதது. அன்றேல் இடைக் கணக்குகளில் கணினி கொள்ளவியலாத பேரெண்கள் எழக்கூடும்.

இரண்டாவது: வோல்ற்றளவு பூச்சியமாகும் இடத்தில் வளைகோட்டின் படித்திறனும் பூச்சியமாகும். அவ்வேளை தடையியே அங்கில்லாதது போலாகி, சுற்றின் ஒரு பகுதி எதனோடும் தொடர்பின்றி நிற்க நேரலாம். இருவாயி, திரான்சிற்றர் முதலியவற்றுக்கு ஸ்பைஸ் தானாகவே நுண்ணிய கடத்துதிறனொன்றைச் சேர்த்துக்கொள்ளும். நாம் சமன்பாடாக எழுதும் உறுப்புக்கு நாமே சேர்த்தல் வேண்டும். மேலே கூறிய கசிவுத் தடையி இப்பணியையும் ஆற்றுகின்றது. 100 கோடி ஓம் போதுமானது.

மூன்றாவது இடரே பெரிது. சோதனைச்சாலைகளில் வழங்கும் நியம அலையொன்றின் உச்சம் 6000 வோல்ற்று. அதனைத் தரும் மூலத்தின் உட்தடை 2 ஓம். அமைதியாயிருந்த சுற்றில் அவ்வுச்சத்தை ஒரேயடியாகச் செலுத்தினோமாயின், தொடக்கத்தில் தடையியின் தொடுகோடு ஏறத்தாழக் கிடையாக இருப்பதால், கணினியின் முதல் ஊகம் 6000 வோல்ற்றுக்கே தாவும். அவ்விடத்தில் விதி தரும் மின்னோட்டம் யாது? 2.5 ஐ 10 இன் 26 ஆம் அடுக்காற் பெருக்கி வரும் அம்பியர்! உலகில் எங்கும் இல்லாத ஓர் எண். அங்கிருந்து ஒவ்வோர் அடியிலும் வோல்ற்றளவு நூற்றுக்கு நான்கு வீதம் கூடக் குறையாது. உண்மை விடையாகிய 823 வோல்ற்றை அடைய ஐம்பதுக்கு மேற்பட்ட அடிகள் வேண்டும். ஸ்பைஸோ, காலத்தோடு மாறும் கணிப்பில் ஒரு கணத்துக்குப் பத்து அடிகளையே இயல்பாக அனுமதிக்கும். பத்துக்குள் முடியாவிடின் காலப்படியைச் சுருக்கி மீண்டும் முயலும். சுருக்கிச் சுருக்கி இறுதியில் விடை காணவில்லை என்று நின்றுவிடுவதும் உண்டு.

இதனை வெல்லும் வழிகளுள் ஒன்று, தெமோதரையில் புகையிரதப் பாதை அமைத்தோர் கையாண்ட வழியை ஒத்தது. அங்கே மலை செங்குத்தாக இறங்குகின்றது; வண்டியோ அவ்வாறு இறங்கவியலாது. ஆகவே பாதை மலையைச் சுற்றி வளைந்து, சிறிது சிறிதாகத் தாழ்ந்து, தான் முன்னர் கடந்த நிலையத்தின் கீழேயே சுரங்கமாகச் செல்கின்றது. அதுபோன்றே மூலத்தின் வோல்ற்றளவைச் சிறு சிறு படிகளாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் பெற்ற விடையை அடுத்த படியின் ஊகமாகக் கொள்ளலாம்.

மற்றொரு வழி இதனினும் எளிது. வோல்ற்றளவைக் கொண்டு மின்னோட்டத்தைக் காண்பதை விடுத்து, மின்னோட்டத்தைக் கொண்டு வோல்ற்றளவை எழுதுக. அப்போது 26.6 என்னும் சுட்டி அதன் தலைகீழாகிய 0.0375 ஆக மாறிவிடும். செங்குத்தான மலை சமவெளியாகும். மேற்கூறிய அதே கணக்கை 1 மில்லியம்பியரிலிருந்து தொடங்கினால், ஊகங்கள் முறையே 0.31, 75, 2247, 2588 அம்பியர் எனச் சென்று நான்கே அடிகளில் விடையை அடைகின்றன. தடையி உற்பத்தியாளர் வெளியிடும் மாதிரியுருக்களிற் பல இவ்வடிவில் அமைந்திருப்பதன் காரணம் இதுவே. மின்னோட்டம் பூச்சியமாகும் இடத்தில் மாத்திரம் படித்திறன் எல்லையின்றிப் பெருகும். அச்சிறு பகுதியை நேர்கோட்டுத் துண்டொன்றால் மாற்றிவிட வேண்டும்.

பிழை இருந்த இடம்

நிற்க. மேலே பெற்ற 823 வோல்ற்றே யான் தோட்டத்தாருக்கு எழுதிக் கொடுத்த எண். கணித முறையில் அதிற் பிழை இல்லை. மணிகளின் உட்தடையாக, எடுத்துக்காட்டுக்கு, 0.1 ஓம் சேர்த்தால் மின்னோட்டம் 2466 அம்பியராகச் சிறிது குறைய, வட்டின் முனைகளில் 1068 வோல்ற்று எழும். இதுவும் பலகை தாங்கும் 1500 வோல்ற்றுக்குள் அடங்கியதே.

ஆனால், இவ்வெண்கள் வட்டின் முனைகளில் உள்ளவை. பலகை பார்ப்பது வட்டின் முனைகளை மட்டுமன்று. வட்டையும், அதனை மின்கம்பியோடும் புவித்தொடுப்போடும் இணைத்த கம்பிகளையும் சேர்த்தே பார்க்கின்றது. பெட்டியிலே இடமின்மையால் தடையியைச் சுவரின் மறுபுறத்தில் பொருத்தியிருந்தனர். இணைப்புக் கம்பிகளின் மொத்த நீளம் 2 மீற்றர். நேரான கம்பியின் தூண்டம், மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 1 நனோ ஹென்றி. 2 மீற்றருக்கு அது 2 மைக்கிரோ ஹென்றி ஆகும். வீட்டு மின்னோட்டத்துக்கு இது ஒரு பொருட்டன்று. மின்னலின் மின்னோட்டத்துக்கோ எல்லாம் இதுவே.

நியம அலையின் மின்னோட்டம் 8 மைக்கிரோ செக்கனில் உச்சத்தை அடைவது. 2500 அம்பியர் அந்நேரத்தில் ஏறுமாயின் கம்பியில் சராசரியாக 600 வோல்ற்றுக்குச் சற்று மேல் தோன்றும். வட்டின் வோல்ற்றளவோடு இதனைக் கூட்டின் பலகையின் எல்லையை ஏறத்தாழத் தொட்டுவிடுவோம். இயற்கையின் மின்னல் நியம அலைக்குக் கட்டுப்பட்டதன்று. ஒரே மின்னலில் முதல் வீச்சுக்குப் பின் வரும் வீச்சுகள் அதனினும் மிக விரைவாக ஏறுவன. ஒரு மைக்கிரோ செக்கனில் 1000 அம்பியர் ஏறுமெனக் கொள்வோமாயின், 2 மீற்றர் கம்பியில் மாத்திரம் 2000 வோல்ற்று எழும். வட்டின் 800 வோல்ற்றையும் சேர்த்தால் 2800. பலகை கருகியதில் வியப்பென்ன?

யான் இருபத்தாறாம் அடுக்கை நுணுகி ஆராய்ந்தேன். கடையில் அளந்து வாங்கும் கம்பியை மறந்தேன். அரியதென்று கருதிய உறுப்புக்கு ஐந்து சமன்பாடு எழுதியவன், எளியதென்று கருதிய உறுப்புக்கு ஒன்றும் எழுதவில்லை. போலச்செய்கை மென்பொருளில் கம்பி என்பது இரு புள்ளிகளை இணைக்கும் கோடு. அதற்கு நீளமும் இல்லை, தூண்டமும் இல்லை. நாம் எழுதாத எதனையும் கணினி தானே நினைத்துக்கொள்வதில்லை.

பின்னர் தடையியைக் கட்டுப்படுத்தியின் முனைகளிலேயே பொருத்தி, இணைப்பை 15 சென்ரிமீற்றராகக் குறைத்தோம். முன்னர் 2000 வோல்ற்று எழுந்த அதே ஏற்றத்தில் இப்போது 150 வோல்ற்றே எழும். செலவு எதுவும் இல்லை. ஒரு துளையும் இரு திருகாணிகளுமே வேண்டியிருந்தன.

மலைநாட்டுக்குரிய மற்றோர் உறுப்பும் மாதிரியுருவிற் சேரவேண்டும். அது புவி. பாறை நிலத்தில் புவித்தொடுப்பின் தடையைத் தாழ்த்துதல் எளிதன்று. கட்டுப்படுத்தியின் மின்கம்பி ஒரு புவித்தொடுப்பையும், அதற்கு வரும் தொலைபேசி அல்லது சைகைக் கம்பி வேறொரு புவித்தொடுப்பையும் சார்ந்திருந்தால், 100 அம்பியர் 20 ஓமுடைய புவித்தடையில் இறங்கும்போது இரண்டுக்கும் இடையே 2000 வோல்ற்று எழும். தடையி எத்துணைச் சிறந்ததாயினும் இதனைத் தடுக்காது. தொழிற்சாலையின் புவித்தொடுப்புகள் யாவற்றையும் ஒரே சட்டத்தில் ஒருங்கிணைத்தலே தீர்வு.

மாதிரியுரு சொல்லாதவை

மாதிரியுருவைப் பயன்படுத்துவோர் நினைவிற் கொள்ளவேண்டிய சில வரம்புகளையும் கூறி முடிப்போம்.

முதலாவதாக, காப்பினைக் கணிக்கும்போது மேல் எல்லை வட்டையும், வெப்பத்தைக் கணிக்கும்போது கீழ் எல்லை வட்டையும் கொள்ளுதல் வேண்டும். நடுநிலைக் கம்பி அறுந்து, 230 வோல்ற்று இருக்கவேண்டிய இடத்தில் 400 வோல்ற்று நிலைத்து நிற்பதாகக் கருதுவோம். அதன் உச்சம் 566 வோல்ற்று. மூல வோல்ற்றளவு 387 ஆகவுள்ள கீழ் எல்லை வட்டுக்கும் அதே சுட்டியைக் கொண்டால், ஒவ்வோர் உச்சத்திலும் ஏறத்தாழ 25 அம்பியர் பாயும். இவ்வட்டு ஏற்கவல்ல சக்தி 71 யூல் மாத்திரமே; ஒரு கண்ணிமைப்புக்குள் அது நிரம்பிவிடும். மைக்கிரோ செக்கன்களுக்கென ஆக்கிய பொருள் நிலைத்த மிகைவோல்ற்றளவைத் தாங்காது; தீப்பற்றவும் கூடும். ஆகவே அதற்கு முன்னால் உருகியோ, வெப்பத்தில் தானே துண்டிக்கும் அமைப்போ இன்றியமையாதது.

இரண்டாவதாக, மாதிரியுருவுக்கு மூப்பு இல்லை; தடையிக்கு உண்டு. தாங்கிய ஒவ்வொரு பெரிய வீச்சும் சில மணி எல்லைகளைச் சிதைக்கின்றது. 1 மில்லியம்பியரில் அளந்த வோல்ற்றளவு தொடக்கப் பெறுமானத்திலிருந்து நூற்றுக்குப் பத்து மாறிவிடின் அதனை மாற்றிவிடுதல் மரபு. இடிமழைக் காலம் தொடங்குமுன் ஆண்டுக்கிருமுறை அளந்து பதிவேட்டிற் குறித்து வைத்தல் நலம்.

மூன்றாவதாக, மின்கம்பங்களில் நிலைமாற்றிகளைக் காக்கும் பெரிய வட்டடுக்குகளுக்கு இவ்வெளிய விதி போதாது. மிக விரைந்து ஏறும் அலைக்கு அவை காட்டும் வோல்ற்றளவு, மெல்ல ஏறும் அலைக்குக் காட்டுவதினும் மிகுதி. இதனைக் காட்டுவதற்கு, வளைகோட்டுத் தடையிகள் இரண்டைத் தூண்டியும் தடையியும் கொண்டு பிரித்து வைக்கும் மாதிரியுருவொன்றை 1992 இல் அமெரிக்க மின்பொறியியலாளர் குழுவொன்று வெளியிட்டது. உயர் வகுப்பு மாணவர் அதனைக் கற்றல் நன்று.

இறுதியாக ஒன்று. இத்தடையி கருவியைக் காக்குமேயன்றி மனிதரைக் காக்காது. இடி முழங்குங்கால் சரிவில் கொழுந்து பறிப்போரை உடனே கட்டடத்துள் வரச்செய்தலுக்கு ஈடான காப்பு, எந்தச் சமன்பாட்டிலும் இல்லை.

மாணவ நண்பர்களே, கணினி இன்று உங்கள் கையில் உள்ளது. அது தரும் விடை பல தசமதானங்களோடு அழகாக அச்சிற் தோன்றும். அவ்வழகு விடையின் மெய்ம்மைக்குச் சான்றன்று. ஆய்வுகூடத்தில் நம் ஆசிரியர், வரைபைக் காட்டுமுன் சுற்றைக் காட்டு என்று கேட்பது வழக்கம். மேசையருகே வந்து ஒவ்வொரு கம்பியையும் விரலால் தொட்டுத் தொடர்ந்து சென்று பார்ப்பார். அன்று அது எமக்குத் தேவையற்ற தாமதமாகத் தோன்றியது. அவ்வாறு விரலால் தொடர்ந்து பார்த்திருப்பேனாயின், அவ்விரண்டு மீற்றர் கம்பி என் கண்ணில் பட்டிருக்கும். கணிப்பைப் பிறர் கையிற் கொடுக்குமுன், அதில் எவற்றைச் சேர்த்தேன், எவற்றை விட்டேன் என்று அதன் கீழே இரண்டு வரி எழுதிக் கையொப்பமிடுவதை இப்பொழுது வழக்கமாகக் கொண்டுள்ளேன். நீவிரும் அவ்வாறே செய்வீராக.